ஒட்டு தெரிய ஒட்டிய படம்

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் படத்தில் பெண்களின் இடுப்பு குறைந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு வெகுகாலம் முன்பே, ராயபுரத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, சவர பிளேடால் இடுப்பைக் குறைத்துச் சம்பளம் வாங்கியவள் நான். போன மாதம் என் தங்கை மகள் தன் விளம்பர ஆபீசுக்கு என்னை அழைத்துப் போயிருந்தாள். அங்கே ஒரு பையன் கம்ப்யூட்டரில் சோப்பு விளம்பரப் பெண்ணின் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து மாவு உருண்டை ஆக்கிக்கொண்டிருந்தான். "கழுத்துல நிழல விட்டுட்டியேப்பா" என்றேன். திரும்பிப் பார்த்தான். பேச்சு வளர்ந்தது. பிளேடா, கோந்தா, அதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது கருவிகளைப் பற்றி. அதை எழுத உட்கார்ந்தால் கன்னியம்மாக்கா முன்னால் வந்து நின்றுகொள்கிறாள். அவளைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு வழி தெரியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அப்பா பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கு எண்ணும் எழுத்தும் வரைகிறவர். வீட்டில் எந்நேரமும் பிரஷ் கிடக்கும். நானும் எடுத்துக் கிறுக்கினேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்யாணப் பேச்சு கிளம்பியது. அதைத் தள்ளிப் போடத்தான் வேலைக்குப் போனேன், கலைதாகம் எல்லாம் ஒன்றும் இல்லை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன சமயம். ராயபுரத்தில் அச்சகங்களுக்கு பிளாக் செய்து கொடுக்கும் ஒரு கடையில், படங்களைத் திருத்தும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் படத்தில் தூசி விழுந்த இடங்களில் புள்ளி வைத்தேன். பிறகு தலைமுடி வரைந்தேன். பிறகு பிளேடு கைக்கு வந்தது. பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் போட்டோவை நேராக அச்சடிக்க முடியாது. பெரிய கேமராவில் வைத்து, சல்லடை போன்ற கண்ணாடி வழியாக மறுபடி படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் இறக்கி, திராவகத்தில் தகட்டை அரிக்கவிட்டு, மரக்கட்டையில் ஆணி அடித்து அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுதான் பிளாக். கேமராவுக்குப் போகும் முன் எந்தப் படமும் எங்கள் அறைக்கு வந்துதான் ஆகவேண்டும். பெண்கள் பத்திரிகைகளின் நாகரிகப் பக்கம், பவுடர், கூந்தல் தைலம், புடவை என்று எல்லா அழகிகளும் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் ஊருக்குள் போனார்கள்.

ஆனால் அழகிகளுக்கு எங்கே போவது? குடும்பப் பெண்கள் கேமரா முன் நிற்க மாட்டார்கள், சினிமாக்காரிகளுக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு எங்கள் கடை ஒரு வழி வைத்திருந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கும்போது, பயணிகள் படித்துப் போட்ட வெளிநாட்டு நாகரிகப் பத்திரிகைகள் பழைய பேப்பர் கடைக்கு வரும். அவற்றை அள்ளிவந்து, வெட்டி, ஒரு பெரிய அலமாரியில் அடுக்கி வைத்திருந்தோம். இழுப்பறைகளின் மேல் எழுதியிருக்கும்: கை, கால், இடுப்பு, நிற்பவர், உட்கார்ந்தவர். உள்ளூர்த் தலை, கப்பலில் வந்த உடம்பு, அதன் கவுன் மேல் நாங்கள் வரைந்த சேலை. அப்போது பத்திரிகைகளில் நின்ற அழகிகளில் பாதிப்பேர் இப்படிப் பிறந்தவர்கள்தான். என் அத்தை அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்து, "இவளுக்கு மட்டும் கொசுவம் எப்படிடி கலையாம நிக்குது?" என்று ஏங்கினாள். பிரஷ்ஷால் வைத்த கொசுவம் நிற்காமல் என்ன செய்யும்! வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் உலகம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஆல்பர்ட் சார். ராயபுரத்துக்காரர், உயரமானவர், வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மைத்துளி இருந்து நான் பார்த்ததில்லை. கோடையில் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை செய்வார். யாரையும் திட்ட மாட்டார். நாம் முடித்துக் கொடுத்த படத்தைத் தலைகீழாகப் பலகையில் சாய்த்துவிட்டு, அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்று பார்ப்பார். நேராக வைத்தால் முகத்தைப் பார்த்துக் கண் மயங்கிவிடுமாம். தலைகீழாக இருந்தால் தப்பு மட்டும்தான் கண்ணில் படுமாம். கண் எங்கே தடுக்குகிறதோ அங்கே வந்து நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். அந்த 'டக்' சத்தத்துக்கு நாங்கள் நடுங்கினோம்.

ஒட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான். தலையைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது, பிளேடைச் சாய்த்துப் பிடித்து வெட்டவேண்டும். வெட்டிய தலையைக் குப்புறப் போட்டு, விளிம்பை மட்டும் உப்புத்தாளால் பின்பக்கமாகத் தேய்க்கவேண்டும். வெங்காயச் சருகு போல மெலிந்த பிறகுதான் கோந்து. மெலியாமல் ஒட்டினால் கேமரா விளக்கில் விளிம்பின் நிழல் விழுந்து, மாலை போட்டது போலக் கழுத்தில் ஒரு கோடு தெரியும். ஒட்டியபின் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தை வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கலந்து தடவ வேண்டும். "ஒட்டு தெரியாதது வரைக்கும்தான் நமக்கு மரியாதை" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

ஒரு நாள் முகத்துக்குப் பூசும் ஸ்நோ ஒன்றின் விளம்பரம் வந்தது. இடப்பக்கம் ஒரு பெண், கீழே 'முன்பு'. வலப்பக்கம் அதே பெண், கீழே 'பின்பு'. கம்பெனிக்காரர் பெரிய வாடிக்கை என்பதால் ஆல்பர்ட் சார் தானே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் போட்டோக்காரர் தெருவில் மீன் விற்றுக்கொண்டு போன ஒருத்தியை நிறுத்தி, பேப்பரில் போடுகிறேன் என்று சொல்லிப் படம் பிடித்து வந்திருந்தார். தலையில் கூடை, மேல்வரிசைப் பல் முழுவதும் தெரியும் சிரிப்பு. எனக்கு ஆளைத் தெரியும். கன்னியம்மாக்கா. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ரயிலில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் விற்பவள். எங்கள் கடை வாசலில் கூடையை இறக்கி மூச்சு வாங்கிவிட்டுத்தான் போவாள்.

'முன்பு' படத்தில் சிரிப்பு ஆகாதே! ஆல்பர்ட் சார் உதட்டை மூடி வரைந்தார். கண்ணுக்குக் கீழே புகைக்கரி மையை லேசாக இழுத்தார், கன்னத்தில் குழி விழவைத்தார். 'பின்பு' படத்துக்கு இன்னொரு பிரதியில் முகத்தை வெளுக்க அடித்து, தலையை வெட்டி எடுத்தார். நவநாகரிகமாக இருக்கவேண்டும் என்று கம்பெனிக்காரர் கேட்டிருந்ததால், சேலை வரையாமல், 'நிற்பவர்' இழுப்பறையிலிருந்து டென்னிஸ் ஆடும் ஒரு வெள்ளைக்காரியை எடுத்தார். கையில்லாத சட்டை, முழங்காலுக்கு ரொம்ப மேலே நிற்கும் குட்டைப் பாவாடை, கையில் பேட். அவள் தலையைத் துண்டித்துக் கன்னியம்மாக்காவின் தலையை வைத்தார். தலைகீழாக வைத்துப் பார்த்தார். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அருமையான வேலை என்று மனசுக்குள் கைதட்டினேன்.

அந்தப் படம் பத்திரிகையோடு நின்றிருந்தால் குப்பத்துக்குத் தெரிந்தே இருக்காது. கம்பெனி அதை நோட்டீஸாக அடித்து, ஜட்கா வண்டியில் தம்பட்டம் தட்டிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் வீசிக்கொண்டே போனது.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பின்பக்கப் படிக்கட்டில் கன்னியம்மாக்கா வந்து உட்கார்ந்தாள். தலையில் கூடை இல்லை. இடுப்பில் செருகியிருந்த நோட்டீஸை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இன்னாமே இது?"

சாப்பாட்டு டப்பாவை மூடிக் கீழே வைத்தேன்.

"மூஞ்சி என்து. இந்த காலு யாரு காலு?"

"உன்னுது இல்லக்கா. வேற ஒருத்தி."

"அது எனுக்குத் தெரியாதா? என் காலு எனுக்குத் தெரியாதா? ஊருக்குல்ல தெரியணும்! தொட தெரிய பாவாட கட்டிகினு, ஆர்பர் தொர வூட்ல போயி பந்து அடிச்சேன்றாங்க. துட்டு வாங்கிகினு நின்னேன்றாங்க. பஞ்சாயத்துல சொல்ட்டாங்க, பேசி முடிக்கிற வரிக்கும் நா கரைல ஏலம் கேக்கக் கூடாதுன்னு. மீனு எட்க்காம நா இன்னாத்த விப்பேன்? என் பொண்ணுக்கு இன்னாத்தப் போடுவேன்?"

கன்னியம்மாக்கா விதவை, ஒரே மகள். குப்பத்தில் கட்டுமரம் கரை சேர்ந்ததும் மணலில் மீனைக் கொட்டி ஏலம் விடுவார்கள், பெண்கள் எடுத்துக்கொண்டு ரயில் ஏறுவார்கள். அந்த மணலில் கால் வைக்கக் கூடாது என்றால் அவளுக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடுகிறது. அங்கே தப்பு என்று முடிவானால் நிரந்தரமாகவே கரையில் இடம் கிடையாது.

அவளை மேலே அழைத்துப் போய் 'நிற்பவர்' இழுப்பறையைத் திறந்து, வெட்டியது போக மீந்த பக்கத்தைக் காட்டினேன். டென்னிஸ் மைதானம், வலை, நடுவில் ஆள் வடிவத்தில் ஓட்டை. அந்த உடம்பு ஒட்டிய மூலப்படத்தையும் காட்டினேன். கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அந்த வெள்ளக்காரி தல எங்க?"

"குப்பைல போட்டாச்சுக்கா."

"அவ ஊர்ல அவளுக்கு இன்னா பஞ்சாயத்து வெச்சிகீறாங்களோ" என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு அப்படித்தான் பேச வந்தது. பிறகு என் கையைப் பிடித்தாள். "நீ வந்து சொல்லும்மா. நா சொன்னா யாரும் கேக்க மாட்டேன்றாங்க."

அறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போகக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். ஆல்பர்ட் சாரிடம் போய் நின்றேன். முழுக்கக் கேட்டார். கழுத்துக் கைக்குட்டையை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரோஜா, ஒட்டு தெரியாம இருக்கறதுதான் நம்ம தொழிலே. அதைப் போய் ஊர் நடுவுல தொட்டுக் காட்டப்போறியாம்மா?"

"அந்தக்கா கரைல கால் வைக்க முடியல சார்."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அப்புறம் தன் சொந்தப் பிளேடு, கோந்துப் புட்டி, உப்புத்தாள் துண்டு, மூலப்படம், ஓட்டை விழுந்த அந்தப் பக்கம், ஒரு முழு வெளிநாட்டுப் பத்திரிகை எல்லாவற்றையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"காட்டறதுன்னா நீட்டா காட்டு. அவசரத்துல பிசிறு விட்டுட்டு வந்து நிக்காதே."

ஞாயிறு மத்தியானம் கன்னியம்மாக்காவோடு ரயிலில் போனேன். உப்பளத்தைத் தாண்டி, கழிமுகத்தை ஒட்டிய குப்பம். பெயரை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. கோயிலுக்கு முன்னால் வலை காயப்போடும் இடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளி நின்றார்கள். நடுவில் நாட்டார். அப்படித்தான் குப்பத்துத் தலைவரைச் சொல்வார்கள். பெரிய மீசை, கனிவான கண், முடிவெடுக்கப் பயப்படுகிற மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

எழுந்து நின்று சொன்னேன். தலை வேறு, உடம்பு வேறு, இரண்டையும் ஒட்டியிருக்கிறது. ஓட்டை விழுந்த பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலைநிமிராமலே கேட்டார்: "போட்டோ பொட்டி எதிர்ல இன்னா கீதோ அத்ததானே புடிக்கும்? இல்லாதத எப்டிம்மா புடிக்கும்?"

"புடிச்சப்புறம் வெட்டி ஒட்டறதுங்க."

"ஒட்டு எங்க கீது? காட்டு."

நோட்டீஸில் காட்ட ஒட்டு ஏது? மூலப்படத்தைக் கொடுத்தேன், கைக்குக் கை மாறியது. ஆல்பர்ட் சாரின் வேலை அவ்வளவு சுத்தம், வெயிலில் சாய்த்துப் பார்த்தும் ஒருவருக்கும் புலப்படவில்லை. கெட்டிக்காரத்தனம் எங்கே வந்து காலை வாரிவிட்டது பாருங்கள். எனக்கு அவர் மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"யாரோ ஒரு பேப்பர்ல ஓட்ட போட்டு எட்த்தாந்து கத சொல்லுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சரி, உங்க எதிர்லயே செஞ்சு காட்டறேன். யார் வூட்லயாவது ஒரு போட்டோ இருந்தா கொண்டாங்க" என்றேன்.

குப்பத்தில் இருந்ததே ஒரே போட்டோதான். நாட்டார் திருவொற்றியூர்த் தேருக்குப் போனபோது ஸ்டூடியோவில் பிடித்தது. நாட்டார் சம்சாரம் வீட்டிலிருந்து அதைச் சட்டத்தோடு கொண்டுவந்தார். நான் சட்டத்தைக் கழற்றி, மடியில் வைத்து, பிளேடை எடுத்தேன். அவ்வளவுதான், எல்லா ஆண்களும் கூச்சல் போட்டார்கள்.

"ஏய், இன்னா பண்றே! உசுரோட கீற மன்சன் கழுத்த அறுக்கிறியா?"

"கடலுக்குப் போற ஆளும்மா! படத்துல கழுத்து போனா ஆளுக்கு ஆவுமா?"

நாட்டார் சம்சாரம் படத்தைப் பறித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். இது எனக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுதும் கழுத்து வெட்டிப் பிழைக்கிறவளுக்கு அது ஒரு கழுத்து என்பது எங்கே ஞாபகம் இருக்கும்? அபசகுனம் பண்ணிவிட்டாள் என்று என்னையும் சேர்த்துத் துரத்திவிடுவார்கள், கன்னியம்மாக்காவின் கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பெண்கள் கூட்டத்திலிருந்து கன்னியம்மாக்கா நடுவில் வந்து நின்றாள். பஞ்சாயத்தில் பெண் நடுவில் வரக்கூடாது. வந்தாள்.

"நாட்டாரு கழுத்துன்னா பதறுதா? என் கழுத்த அறுத்து எட்த்தாங்களே ராயபுரத்துல, இந்தா இவ கண்ணெதிர்ல! நானும் உசுரோடதான கீறேன்? எனுக்கும் ஒரு பொண்ணு கீதுல்ல? அறுத்தவன வுட்டுட்டு, அறுபட்டவள புட்ச்சி உக்கார வெச்சி பஞ்சாயத்து பண்றீங்களே, நல்லா கீதா?"

வலை பின்னுகிறவர் ஊசியைக் கீழே வைத்தார். ஒட்டு எங்கே என்று கேட்டவர்கள் அவர்கள். ஒட்டைக் காட்டாமலே அவள் காட்டிவிட்டாள். நாட்டார் எழுந்து, சம்சாரத்தின் முந்தானையிலிருந்து தன் படத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"அறும்மா" என்றார். "அத்தினி பேரும் பாக்கட்டும்."

அறுத்தேன். தடித்த அட்டையில் ஒட்டிய படம், பிளேடு சுலபத்தில் இறங்கவில்லை. விளிம்பைத் தேய்த்தேன். பத்திரிகையைப் புரட்டினேன், தலை அளவு சரியாக அமைந்தது குதிகால் உயர்ந்த செருப்பும் ரோமக் கோட்டும் போட்ட ஒரு சீமாட்டிக்குத்தான். ஒட்டி, ஊதிக் காயவைத்து, நாலடி தள்ளிப்போய் உயர்த்திப் பிடித்தேன். நாட்டாரின் மீசை, கீழே ரோமக் கோட்டு, அதற்கும் கீழே பட்டுக் காலுறை.

முதலில் சிரித்தது நாட்டார் சம்சாரம்தான். "ஐய, இன்னா ஒயரம்! இந்த செருப்ப போட்டுகினா வல இயுக்கப் போன?" பிறகு கரையே சிரித்தது. நாட்டார் படத்தை வாங்கித் தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வர அவரும் சிரித்தார். "கன்னியம்மா மேல தப்பு ஒண்ணும் இல்ல. நாளைக்கு வந்து ஏலம் கேக்கட்டும்" என்றார்.

எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"இருங்க. இன்னும் முடில" என்றாள் கன்னியம்மாக்கா.

நோட்டீஸை என்னிடம் கொடுத்து, இடப்பக்கப் படத்தின் கீழே இருப்பதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "முன்பு: களையிழந்த கருமுகம்."

"காலு என்து இல்லன்னு இம்மா நேரம் பேசினீங்க. சரி. மூஞ்சி? அது என்துதான? அத்த களை இல்ல, கருப்புன்னு ஊர் பூரா வீசினு போயிகீறான். அதுக்கு ஒருத்தராச்சும் வாயத் தொறந்தீங்களா? தொட தெரிஞ்சா ஊரு மானம் போச்சி. மூஞ்சி போனா யாருது போச்சி?"

நாட்டார் தரையைப் பார்த்தார். நானும்தான். என்னால் தாங்க முடியாமல் சொன்னேன்: "அக்கா, அதுவும் உன் மூஞ்சி இல்ல. நீ சிரிச்சினு நின்னே. சிரிப்ப மூடி, கண்ணுக்குக் கீழ மை இழுத்து, கன்னத்த ஒட்ட வெச்சாங்க."

அவள் நோட்டீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுவும் என்து இல்ல, அதுவும் என்து இல்லன்னா, அப்போ என்து எங்க?"

"கடைல, நெகடிவ்ல இருக்குக்கா."

"அத்தக் கொண்டா" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் கூடையோடு ரயிலேறி வந்ததைப் பார்த்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தேன். நெகடிவிலிருந்து ஒரு புதுப் பிரதி எடுத்தேன். தூசிப் புள்ளியைக்கூட மறைக்கவில்லை. வியர்வை, மூக்குத்தி, சுருக்கம், பல் எல்லாம் இருந்தபடி. ஸ்நோ விளம்பரம் போலவே ஒரு அட்டையில் இரண்டு கட்டம் போட்டேன். வலப்பக்கம் 'பின்பு' என்று எழுதி, கன்னியம்மாக்காவை முழுசாக, கூடையும் சிரிப்புமாக ஒட்டினேன். இடப்பக்கத்துக்கு எங்கள் குப்பைக் கூடையையும் இழுப்பறைகளையும் கவிழ்த்தேன். ஒருத்தியின் இடுப்பு, வேறொருத்தியின் கால், அளவு பொருந்தாத இரண்டு கண், பத்திரிகை அட்டையிலிருந்து ஒரு வாய், நாங்களே வரைந்து வேண்டாமென்று போட்ட கொசுவம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு அழகியை நிறுத்தினேன். விளிம்பைத் தேய்க்கவில்லை, சாம்பல் நிறம் தடவவில்லை. வெட்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. கீழே 'முன்பு' என்று எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஆல்பர்ட் சார் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அட்டையை எடுத்தார். தலைகீழாகப் பலகையில் சாய்த்தார். அந்தக் கோடிக்குப் போனார். திரும்பி வந்து இடப்பக்க அழகியின் கழுத்தில் நகத்தால் தட்டினார்.

"ஒட்டு தெரியுதும்மா."

"தெரியணும்னுதான் சார் ஒட்டினேன்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அப்போ பாதி தெரியுது, பாதி மறையுது. அது தப்பு" என்றார். தன் பிளேடை எடுத்து, பழக்க தோஷத்தில் நான் அழுத்தி ஒட்டிவிட்டிருந்த கழுத்தின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கிவிட்டார். "தெரியணும்னா முழுசா தெரியட்டும்."

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, மீந்த தகட்டுத் துண்டொன்றில் அவரே அதை பிளாக் ஆக்கி, சோதனை அச்சு யந்திரத்தில் சில பிரதிகள் இழுத்துக் கொடுத்தார். அதைப் பற்றி அதன்பின் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஸ்நோ விளம்பரம் நின்றுவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், நிற்கவில்லை. ஒரு வருஷம் பத்திரிகைகளில் ஓடியது. நானும் ஓய்வு பெறும்வரை அதே தொழிலில்தான் இருந்தேன். பகலில் சம்பளத்துக்கு ஒட்டை மறைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வெட்டுத்துண்டுகளை வைத்து, ஒட்டு தெரிய எனக்கென்று படங்கள் ஒட்டுவேன். வீட்டுச் சுவரெல்லாம் அவைதான். பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள்.

கன்னியம்மாக்காவிடம் பிரதியைக் கொடுத்தபோது, முதலில் இடப்பக்க அழகியைத்தான் பார்த்தாள்.

"இன்னாமே இது, கூறு கட்டி வெச்ச மீனு மாரி கீது? தல ஒரு மீனு, வாலு ஒரு மீனு. இத்த எவ வாங்குவா?"

பிறகு வலப்பக்கம் பார்த்தாள். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். மடிக்காமல், ஈரம் படாமல், வாழையிலைக்கு மேல் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஏலம் விடும் இடத்தில் ஒரு கம்பத்தில் அதைச் சோற்றுப் பசையால் ஒட்டினாளாம்.

இரண்டொரு நாள் கழித்து எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள். "ஊர்ல இன்னாக்கா சொன்னாங்க?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"நாட்டாரு வந்து நின்னு நின்னு பாத்தாரு. 'நல்லாதான் கீறே கன்னியம்மா'ன்னாரு."

"நீ இன்னா சொன்னே?"

கன்னியம்மாக்கா சும்மாட்டைத் தலையில் வைத்து, குனிந்து, கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

"தினம் உன் எதிர்லதான நிக்கிறேன், அத்த சொல்றதுக்கு உனுக்கு ஒரு படம் வேண்டிகீதான்னு கேட்டேன்."